சீமாட்டி ஹாரியட்டின் வருகை நாள்

பேர்பெச்சுவா போதுமான அளவுக்கு அந்நியப் பெண்தானா என்பதில் வால்டெனெக் அரண்மனை அறக்கட்டளைக்குச் சந்தேகம் இருந்தது. அதைத் தீர்த்துக்கொள்வதற்காகத்தான் 1994 செப்டெம்பரில் ஒரு சனிக்கிழமை அவளை நேரில் வரச் சொல்லியிருந்தார்கள்.

அவள் மன்னாரில் பிறந்தவள். கணவன் ஜேசுரட்ணத்தோடு ஜெர்மனிக்கு வந்து ஐந்து வருடங்கள் ஆகியிருந்தன. வுப்பர்டாலில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். மகள் லவினியா இங்கேதான் பிறந்தாள். அகதி விண்ணப்பம் இரண்டு தடவை நிராகரிக்கப்பட்டு, கையில் மிஞ்சியிருந்தது டூல்டுங் என்கிற தாள் மட்டும்தான். அந்தச் சொல்லுக்குச் சகித்துக்கொள்வது என்று பொருள். ஜெர்மன் நாடு அந்தக் குடும்பத்தை மூன்று மூன்று மாதங்களாகச் சகித்து வந்தது. டிசம்பரோடு அதற்குப் பொறுமை முடிவதாக வெளிநாட்டவர் அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள்.

சொன்னவர் ஹெர் பிரெனெக்கே. கெட்ட மனிதர் அல்ல. பென்சில்களை நீள வரிசைப்படி அடுக்கி வைத்திருப்பவர்.

"இரண்டு விஷயம் இருந்தால் நான் யோசிக்கலாம்" என்றார் அவர். "ஒன்று, மதிப்புள்ள ஒரு நிறுவனம் உங்களுக்காகச் சிபாரிசு செய்ய வேண்டும். இரண்டு, நீங்கள் இந்த நாட்டோடு கலந்துவிட்டீர்கள் என்பது எனக்குத் தெரிய வேண்டும்."

தேவாலயத்தின் உதவி நிலையத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த சாந்தா அக்காதான் அந்த நிறுவனத்தைக் கண்டுபிடித்தாள்.

"ஒரு பழைய பிரபுக் குடும்பம். வருசத்துக்கு ஒருக்கா ஒரு வெளிநாட்டுப் பொம்பிளையைக் கூப்பிட்டுக் கௌரவிக்கிறவையாம். அவையள் ஒரு கடிதம் குடுத்தா பிரெனெக்கேயால தட்ட ஏலாது."

"என்னை என்னத்துக்கு அக்கா கௌரவிக்கப் போகினம்? நான் என்ன செய்தனான்?"

"ஒண்டும் செய்யத் தேவையில்லை. வெளிநாட்டுக்காரியா இருந்தாக் காணும்."

சாந்தா அக்கா அப்படித்தான் நம்பியிருந்தாள்.

அறக்கட்டளை சீமாட்டி ஹாரியட்டின் பெயரால் நடந்தது. ஹாரியட் அமெரிக்காவில் சின்சினாட்டி நகரத்தில் பிறந்தவர். தகப்பனார் பன்றிக் கொழுப்பை உருக்கிப் பீப்பாய்களில் அடைத்து விற்றுப் பெரும் பணக்காரரானவர். 1879ஆம் ஆண்டு ஹாரியட் வால்டெனெக் பிரபுவை மணந்து இங்கே வந்தபோது அரண்மனைக்குக் கூரை இல்லாமல் இருந்தது. வந்த பிறகு கூரை இருந்தது. குடும்ப வரலாற்றை எழுதியவர்கள் இந்த இரண்டு செய்திகளையும் வெவ்வேறு அத்தியாயங்களில் வைத்தார்கள். தகப்பனாரைப் பற்றி, வேளாண்மையில் ஈடுபாடு கொண்ட கனவான் என்று ஒரு வரி எழுதினார்கள்.

அறக்கட்டளை தொடங்கிய நாளிலிருந்து வருடம் தவறாமல் ஓர் அந்நியப் பெண் கௌரவிக்கப்பட்டு வந்தாள். முதலாமவர் ஆஸ்திரியாக்காரி. பிறகு சுவிட்சர்லாந்துக்காரிகள் சிலர். ஒரு வருடம் யாரும் அகப்படாமல் ஜெர்மனியிலேயே உள்ள பிரேமன் நகரத்துச் சீமாட்டி ஒருவரைக் கௌரவித்தார்கள். அவர் வரும்போது ஓர் ஆற்றைப் படகில் கடந்து வந்திருந்தார். கடைசியில், மாநிலக் கலாசாரத் துறையிலிருந்து வந்த அதிகாரி ஒருவர், உண்மையான வெளிநாட்டுப் பெண் யாரையும் உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டுவிட்டுப் போனார். அதன் விளைவுதான் பேர்பெச்சுவா.

வுப்பர்டாலிலிருந்து பேருந்தில் மலைப்பக்கமாகப் போய் இறங்கி நடந்தால் அரண்மனை. பெரிய படிக்கட்டும் பெரிய கதவும் முன்னால் இருந்தன. காவலாளி அவளையும் கூட வந்த சாந்தா அக்காவையும் சுற்றுவழியாகக் கூட்டிக்கொண்டு போய்ச் சமையலறைப் பக்கத்துக் கதவால் உள்ளே விட்டான்.

"இது பெரிய மரியாதை" என்று விளக்கினார் அங்கே காத்திருந்த ஃப்ராவ் ஃபொன் டிரோஸ்ட். சடங்குகளுக்குப் பொறுப்பானவர். மெலிந்த, நிமிர்ந்த பெண்மணி. "சீமாட்டி ஹாரியட் இந்தக் கதவால்தான் வந்து போனார். குடும்பச் சட்டப்படி சமமான பிறப்பு இல்லாதவர்கள் முன்கதவைப் பயன்படுத்த முடியாது. அவருடைய நினைவாக, நாங்கள் கௌரவிக்கும் பெண்களையும் இதே கதவால்தான் அழைக்கிறோம்."

சமையலறை நடைபாதையில், வெங்காயக் கூடைகளுக்கு மேலே சீமாட்டியின் எண்ணெய் ஓவியம் தொங்கியது. பெரிய மண்டபத்தில் ஏன் இல்லை என்று சாந்தா அக்கா கேட்டாள். மண்டபத்துக்கும் அதே சட்டம்தான் என்றார் ஃப்ராவ் ஃபொன் டிரோஸ்ட். தைக்கும்போது குண்டூசிகளை உதட்டில் பிடித்துக்கொண்டிருப்பவளைப்போல வாயை இறுக்கிக்கொண்டிருந்தாள் படத்திலிருந்தவள். பேர்பெச்சுவா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனாள்.

சபையில் ஐந்து பேர் இருந்தார்கள். தலைவர் கிராஃப், அதாவது பிரபு, ஓட்டோகார் ஃபொன் வால்டெனெக். எழுபது வயது, பச்சை மேற்சட்டை, எதற்கும் அவசரப்படாத குரல்.

பேர்பெச்சுவா இரவெல்லாம் பாடமாக்கிய ஜெர்மன் வாக்கியங்களைச் சொன்னாள். பெயரைச் சொன்னாள். தன்னை அழைத்தமைக்காக மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்ள விரும்புவதாகச் சொன்னாள்.

ஐந்து பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீங்கள் ஜெர்மன் பேசுகிறீர்கள்" என்றார் கிராஃப். நோயாளியிடம் கெட்ட செய்தி சொல்லும் வைத்தியரின் குரல் அது.

"கொஞ்சம்."

"கொஞ்சம் அல்ல. எங்கள் இலக்கணப்படியே வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் போய் உட்கார்ந்தது. நான் கவனித்தேன்." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா, என் தந்தையாரின் தாயார் சீமாட்டி ஹாரியட் முப்பத்தொரு வருடங்கள் இந்த வீட்டில் வாழ்ந்தார். ஒரு வாக்கியத்தைக்கூட ஒழுங்காக முடித்ததில்லை. அதுதான் அவருடைய மகத்துவம். அந்நியராக வந்தார், அந்நியராகவே மறைந்தார். அதற்கு வேண்டிய எல்லா உதவியையும் எங்கள் குடும்பம் செய்தது."

சாந்தா அக்கா குறுக்கிட்டாள். இவள் பாடமாக்கிக்கொண்டு வந்ததைத்தான் ஒப்புவித்தாள், அர்த்தம் எதுவும் இவளுக்குத் தெரியாது என்றாள். சபைக்கு மூச்சு வந்தது. அதன் பிறகு கேள்வியும் பதிலும் சாந்தா அக்கா வழியாகவே போய் வந்தன.

"என்ன சாப்பிடுவீர்கள்?" என்று கேட்டார் ஒருவர்.

"சோறு."

"கையாலா?"

"வீட்டில் கையால்தான்."

ஃப்ராவ் ஃபொன் டிரோஸ்ட்டின் முகம் மலர்ந்தது. "ஊரை நினைத்து அழுவதுண்டா?"

பேர்பெச்சுவாவின் தாய் மடுக் கோயில் அகதி முகாமில் இருந்தாள். கடைசியாகச் செய்தி வந்து எத்தனையோ மாதங்கள். அதைக் கொண்டுபோய் இந்த மேசையில், காப்பிக் கோப்பைகளுக்கு நடுவில் வைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"சில நேரம்" என்றாள்.

"சில நேரம்" என்று கிராஃப் சபையைப் பார்த்துத் திருப்பிச் சொன்னார். "அடக்கமான துயரம். இது போதும் என்று நினைக்கிறேன்." பிறகு அவள் பக்கம் குனிந்து, மிகுந்த கனிவோடு கேட்டார்: "நவம்பரில், சீமாட்டி வந்துசேர்ந்த தேதியில், வருகை நாள் வருகிறது. அதுவரையில் உங்கள் ஜெர்மனை மேலும் முன்னேற்றாமல் இருக்க முடியுமா?"

அடுத்த செவ்வாய்க்கிழமை ஹெர் பிரெனெக்கே அவளிடம், ஏன் இன்னும் இவ்வளவு மெதுவாகப் பேசுகிறீர்கள் என்று கேட்டார்.

வெளிநாட்டவர் அலுவலகத்தில் வெளிநாட்டவராக இருப்பது ஒரு குறையாகத்தான் கருதப்பட்டது. மஞ்சள் தொட்டிக்குள் எந்தக் குப்பை போகும், கண்ணாடிப் போத்தல்களை ஞாயிற்றுக்கிழமை ஏன் போடக்கூடாது என்றெல்லாம் கேட்டார். எல்லாவற்றுக்கும் பேர்பெச்சுவா பதில் சொன்னாள். ஏதாவது சங்கத்தில் இருக்கிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றதும் பென்சிலைக் கீழே வைத்தார்.

"ஒரு சங்கத்திலும் இல்லாதவரை ஜெர்மனியோடு கலந்தவர் என்று நான் எப்படி எழுதுவது?"

அந்த வாரமே ஜேசுரட்ணம் தெருமுனையில் இருந்த பந்துருட்டுச் சங்கத்தில் சேர்ந்தான். முதல் நாளே பந்து காலில் விழுந்து பெருவிரல் வீங்கியது. நொண்டி நொண்டி வந்தவன் மனைவியைக் கூப்பிட்டு உட்கார வைத்தான்.

"இஞ்சை பார். செவ்வாய்க்கிழமையில வாயை மூடாதை. சனிக்கிழமையில வாயைத் திறக்காதை. வேற ஒண்டும் யோசிக்காதை."

"யோசிக்காமல் எப்பிடியப்பா? நாள் மாறினா?"

"மாறினா மன்னாருக்கு ரிக்கற் எடுக்க வேண்டியதுதான்."

அவள் செவ்வாய்க்கிழமைகளில் மேற்சட்டை போட்டு, தலைமுடியை இறுக்கிக் கட்டி, வானிலை பற்றி நீளமாகக் குறைப்பட்டாள். சனிக்கிழமைகளில் சேலை கட்டி, கண்களை அகல விரித்து, எதுவும் விளங்காமல் இருந்தாள். இரண்டுமே களைப்பான வேலை. ஒருநாள் பேருந்தில் பரிசோதகர் வந்து பயணச்சீட்டைக் கேட்டார். சீட்டு அவள் கையிலேயே இருந்தது. ஆனால் அன்றைக்குச் செவ்வாயா சனியா என்பது அவளுக்கு நினைவு வரவில்லை. எந்த மொழியில் பதில் சொல்வது என்று தெரியாமல் வியர்த்து வழிய நின்றாள். பரிசோதகர் அவளைக் கள்ளப் பயணி என்றே முடிவு செய்துவிட்டார். வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அன்று வியாழக்கிழமை.

சனிக்கிழமைகளில் அரண்மனையில் ஒத்திகைகள் நடந்தன. சடங்கை ஃப்ராவ் ஃபொன் டிரோஸ்ட் விளக்கினார். அந்நியப் பெண் படிக்கட்டின் உச்சியில், மூடிய பெரிய கதவுக்கு வெளியே நிற்க வேண்டும். மேலங்கி கூடாது. சீமாட்டி அன்றைக்கு நடுங்கினார் என்பது குடும்ப மரபு. உள்ளேயிருந்து கிராஃப் மூன்று தடவை, "வெளியே நிற்பது யார்?" என்று கேட்பார். மூன்று தடவையும் அவள் தன் மொழியில் பதில் சொல்ல வேண்டும்.

"பிறகு கதவு திறக்குமா?" என்று சைகையோடு கேட்டாள் பேர்பெச்சுவா. அன்று சனிக்கிழமை.

"திறக்காது. திறந்தால் வரலாறு பிழையாகிவிடும். சீமாட்டிக்குத் திறக்கப்படவில்லையே. நீங்கள் சுற்றிக்கொண்டு சமையலறைக் கதவால் வந்து நடைபாதையில் நிற்பீர்கள். மண்டபத்தில் உங்களைப் பாராட்டிப் பேசுவதை அங்கே ஒலிபெருக்கியில் கேட்கலாம். முன்பெல்லாம் அதுவும் இல்லை. வேலைக்காரன் வந்து சாரம் சொல்லிவிட்டுப் போவான்."

கிராஃப் தன் உரையை ஒத்திகை பார்த்தார். சாந்தா அக்கா வெங்காயக் கூடைகளுக்குப் பக்கத்தில் நின்று, ஒலிபெருக்கியில் வருவதைத் தமிழில் சொன்னாள்.

"ஒன்பது வருடங்கள் சீமாட்டி ஹாரியட் சிறிய மேசையில் தனியே உணவருந்தினார். ஒரு வார்த்தை முறையிட்டதில்லை, முறையிட்டிருந்தாலும் அவருடைய ஜெர்மன் எங்களுக்கு விளங்கியிராது. ஒன்பதாம் வருடம் என் தந்தையார் பிறந்தார். பெருமையோடு சொல்கிறேன், அன்று எங்கள் குடும்பம் தயங்கவில்லை. ஞானஸ்நானம் முடிந்து குழந்தையைத் தாதி முன்கதவால் தூக்கி வந்தாள். சீமாட்டி பக்கக் கதவால் வந்து உள்ளே சேர்ந்துகொண்டார்."

"பெத்தவளை விடேல்லையோ?" என்றாள் பேர்பெச்சுவா.

"மெல்லக் கதை" என்றாள் சாந்தா அக்கா.

வருகை நாளுக்கு முந்திய சனிக்கிழமை கிராஃப் அவளுக்கு ஒரு மகிழ்ச்சியான செய்தி வைத்திருந்தார். சபை அவளுக்காகச் சிறப்பு விருந்தினர் ஒருவரை அழைத்திருந்தது. அவளுடைய விவகாரத்தைக் கையில் வைத்திருக்கும் ஹெர் பிரெனெக்கேயே நேரில் வந்து முன்வரிசையில் இருப்பார்.

வீட்டில் கணவனும் மனைவியும் சாந்தா அக்காவும் தேநீரை ஆறவிட்டுக்கொண்டு இருந்தார்கள்.

"தமிழிலை சொன்னா அந்த ஆள் போ எண்டுவான்" என்றான் ஜேசுரட்ணம். "ஜெர்மனிலை சொன்னா இவையள் போ எண்டுவினம்."

"மழை பெய்தா நல்லம். ஒண்டும் வடிவாக் கேக்காது" என்றாள் சாந்தா அக்கா. "வாய்க்குள்ளை முணுமுணுத்துப்போட்டு வா."

பேர்பெச்சுவா லவினியாவின் சட்டையை மடித்து, மடித்ததை விரித்து, திரும்பவும் மடித்துக்கொண்டிருந்தாள்.

மழை பெய்யத்தான் செய்தது. நவம்பர் மாதத்துக் குளிர் மழை. படிக்கட்டின் உச்சியில் பட்டுச் சேலையோடு பேர்பெச்சுவா நின்றாள். கீழே கயிறு கட்டிய எல்லைக்கு அப்பால் ஜேசுரட்ணமும் லவினியாவும் ஒரே குடைக்குள் நின்றார்கள். குடும்பத்தவர்களுக்கு உள்ளே இடம் ஒதுக்கப்படவில்லை. சீமாட்டி தனியாகத்தானே வந்தார். ஊர்ப் பத்திரிகைப் படப்பிடிப்பாளன் ஒருவன் தோட்டத்துச் சிலை ஒன்றுக்குப் பின்னால் ஒதுங்கியிருந்தான்.

கதவின் இரு பக்கமும் ஒடுங்கிய கண்ணாடிகள் இருந்தன. அவற்றின் வழியே ஹெர் பிரெனெக்கேயைப் பார்க்க முடிந்தது. மடியில் தன் தோல் பையை வைத்துக்கொண்டு நேராக இருந்தார்.

"வெளியே நிற்பது யார்?"

"பேர்பெச்சுவா" என்றாள். பெயருக்கு மொழி இல்லையே என்று நினைத்துக்கொண்டாள். உள்ளே மெல்லக் கைதட்டினார்கள்.

"வெளியே நிற்பது யார்?"

"நான்தான். மழை பெய்யுது" என்றாள் தமிழில். இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். பிரெனெக்கே பக்கத்தில் இருந்தவரிடம் சாய்ந்து ஏதோ கேட்பதும், அவர் தோளைக் குலுக்குவதும், பிரெனெக்கே தலையை ஆட்டிப் பையைத் திறப்பதும் கண்ணாடிக்குள்ளால் தெரிந்தன. ஒரு பென்சில் வெளியே வந்தது.

காற்று அடித்து ஜேசுரட்ணத்தின் குடை மறுபக்கம் விரிந்தது. லவினியா நனைந்தபடி தாயை அண்ணாந்து பார்த்தாள். ஓடி வரட்டா என்று கேட்பதுபோல ஒரு காலைக் கயிற்றுக்கு மேலே வைத்தாள். காவலாளி அவளைப் பின்னால் தள்ளினான்.

"வெளியே நிற்பது யார்?"

அதன் பிறகு நடந்ததைப் பேர்பெச்சுவா யோசித்துச் செய்யவில்லை. உள்ளங்கையால் கதவில் ஓங்கி அடித்தாள். ஜெர்மனில், ஒவ்வொரு வினைச்சொல்லும் அதனதன் இடத்தில் போய் உட்கார, கத்தினாள்.

"யார் என்று மூன்றாம் தடவை கேட்கிறீர்கள்! என்னை உங்களுக்குத் தெரியும்! சனிக்கிழமை சனிக்கிழமையாக வந்து போயிருக்கிறேன்! மழை பெய்கிறது. என் பிள்ளை நனைகிறாள். இது கதவு! கதவென்றால் திறக்க வேண்டும்! உங்களுக்கு வெட்கமாக இல்லையா?"

சிலைக்குப் பின்னாலிருந்து ஒரு வெளிச்சம் மின்னியது. உள்ளே யாரும் அசையவில்லை. பிரபுக் குடும்பங்களில் இப்படியான நேரங்களில் அசையாமல் இருக்கப் பழக்கியிருக்கிறார்கள். அந்தப் பழக்கம் இல்லாத ஒருவர் எழுந்து வந்து கதவைத் திறந்தார். அது பிரெனெக்கே.

"உங்கள் ஜெர்மன் நன்றாக இருக்கிறது" என்றார் அவர். "வேற்றுமை உருபு ஒன்று மட்டும் பிழை. பிள்ளையைக் கூப்பிடுங்கள்."

சபை அன்று மாலையே கூடிச் சிபாரிசை நிறுத்தி வைத்தது. பேர்பெச்சுவா வரலாற்றை மீறிவிட்டாள் என்று கிராஃப் துயரத்தோடு அறிவித்தார். செவ்வாய்க்கிழமை பிரெனெக்கேயும் அதே துயரத்தோடுதான் இருந்தார்.

"நீங்கள் கலந்துவிட்டீர்கள். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் சிபாரிசு செய்ய ஒரு நிறுவனம் வேண்டும். இருந்த ஒன்றையும் நீங்கள் திட்டிவிட்டீர்கள். அதுவும் சரியான ஜெர்மனில்."

டிசம்பர் வந்தது. படுக்கையறையில் இரண்டு பயணப் பைகள் கட்டி வைக்கப்பட்டிருந்தன. கதவு மணி அடித்தால் மூவரும் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தார்கள். கீழ்வீட்டுக்காரி சீனி கேட்டு வந்த நாளில் ஜேசுரட்ணம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அலுமாரிக்குப் பின்னால் போய் நின்றான்.

"பேசாமல் நிண்டிருக்கலாம்" என்றான் ஒருநாள். குற்றம் சொல்வதற்காக அல்ல, வேறு சொல்ல ஒன்றும் இல்லாததால்.

"ஓம்" என்றாள் அவள். "நிண்டிருக்கலாம்."

அவர்களைக் காப்பாற்றியது ஊர்ப் பத்திரிகை. நனைந்த சேலையும் கதவில் அறைந்த கையுமாக அவளுடைய படம் ஆண்டிறுதி இதழில் அரைப் பக்கத்துக்கு வந்தது. அதைப் பார்த்த கலாசாரத் துறை அதிகாரி, சடங்கைத் துணிச்சலாகப் புதுப்பித்ததற்காகக் கிராஃபைத் தொலைபேசியில் பாராட்டினார். கிராஃப் ஒரு நாள் முழுக்க யோசித்தார். அதைத் தான் முன்பே திட்டமிட்டிருந்ததாக மறுநாள் அவருக்கு நினைவு வந்தது.

பேர்பெச்சுவாவைத் திரும்பவும் அழைத்தார்கள்.

"எங்கள் குடும்பம் எப்போதும் உண்மையைக் கேட்கத் தயாராக இருந்த குடும்பம்" என்றார் கிராஃப். "நூறு வருடங்களாக யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். நாங்கள் காத்திருந்தோம். உங்கள் கோபத்தைச் சபை ஒருமனதாக ஏற்றுக்கொள்கிறது. அந்நியப் பெண்ணின் கடிந்துரை என்ற பெயரில் சடங்கின் ஏழாம் அங்கமாக அதைச் சேர்த்திருக்கிறோம். ஒவ்வொரு வருடமும் நீங்களே வந்து கடிந்துகொள்ள வேண்டும். நீங்கள் வரும் காலமெல்லாம் உங்களுக்கு எங்கள் சிபாரிசு உண்டு."

"அதே சொற்கள்" என்றார் ஃப்ராவ் ஃபொன் டிரோஸ்ட். "வேற்றுமைப் பிழையும் சேர்த்து. அது மிகவும் அழகாக இருந்தது. கடிந்து முடிந்த பிறகு, முடிந்த பிறகு மட்டும், கதவு திறக்கப்படும்."

"அடுத்த வருடம் எனக்குக் கோபம் வராவிட்டால்?" என்று கேட்டாள் பேர்பெச்சுவா.

"அதற்குத்தான் ஒத்திகை இருக்கிறது."

பிரெனெக்கே ஒரு வருடத்துக்கு வதிவிட அனுமதி கொடுத்தார். பைகள் அவிழ்க்கப்பட்டன.

மறுவருடம் வருகை நாளில் வெயில் அடித்தது. மழை பெய்கிறது என்ற வாக்கியம் பொய்யாகிவிடக் கூடாது என்பதற்காகத் தோட்டக்காரன் பலகணியில் ஏறி நின்று குழாயால் தண்ணீர் பீய்ச்சினான். பிள்ளை நனைகிறாள் என்பதற்கு லவினியாவைக் கேட்டார்கள். அவளைத் தரமாட்டேன் என்று பேர்பெச்சுவா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். சபை நீண்ட நேரம் விவாதித்து, தோட்டத்திலிருந்த சிறகு முளைத்த சுண்ணாம்புச் சிலை ஒன்றுக்கு மழைச்சட்டை மாட்டிக் கயிற்றுக்கு அப்பால் நிறுத்தியது.

பேர்பெச்சுவா கதவில் அடித்தாள். கத்தினாள். உங்களுக்கு வெட்கமாக இல்லையா என்று கேட்டபோது உள்ளே சில சீமாட்டிகள் கண்ணைத் துடைத்தார்கள். கதவு திறந்ததும் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். எங்களைத் திட்டுவதற்கு உங்களைப்போல் யாராலும் முடியாது என்று ஒரு முதிய பிரபு அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். வெட்கப்பட்டு முடித்த களைப்பில் எல்லோரும் நன்றாகச் சாப்பிட்டார்கள். அவளுக்குச் சிறிய மேசையில் சூப் வைத்தார்கள்.

வீட்டிலும் ஒரு மாற்றம் வந்தது. உண்மையாகவே கோபம் வந்து அவள் சத்தம் போடத் தொடங்கினால், ஜேசுரட்ணம் செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஏழாம் அங்கமோ?" என்று கேட்பான். விளையாட்டாகத்தான் கேட்பான். ஆனால் அவளுக்கு அதன் பிறகு சொற்கள் வராது. சலவைக்கூடத்தில் விரிப்புகளை உதறும்போது அந்த வாக்கியங்கள் தாமாக வாய்க்குள் ஓடும். எப்போதோ, ஒரு மழை நாளில், அவை தன்னுடையவையாக இருந்தன என்பது அவளுக்கு மங்கலாக நினைவிருந்தது.

1996இல் மாநிலம் ஓர் ஒழுங்கு கொண்டுவந்தது. முன்பே வந்து, பிள்ளைகளோடு வேலை செய்து வாழும் குடும்பங்கள் இங்கேயே இருக்கலாம் என்றது. பிரெனெக்கே முத்திரை குத்திக் கடவுச்சீட்டை மேசைமேல் அவள் பக்கம் தள்ளினார்.

"இனி உங்களுக்காக யாரும் சிபாரிசு செய்யத் தேவையில்லை, ஃப்ராவ் ஜேசுரட்ணம்."

"வருகை நாள்?"

"அது எனக்குத் தெரியாது. அது உங்களுக்கும் அவர்களுக்கும் இடையிலான விஷயம்."

போகத் தேவையில்லை என்றான் ஜேசுரட்ணம். போகாமல் விட்டால் சரியில்லை, வாறன் எண்டு சொன்னனான் என்றாள் அவள். சேலை கட்டினாள். இந்தத் தடவை அதற்கு மேலே குளிருக்கான தடித்த மேலங்கியையும் போட்டுக்கொண்டாள். ஃப்ராவ் ஃபொன் டிரோஸ்ட் அதைப் பார்த்து வாயைத் திறந்தார். ஆனால் விருந்தினர்கள் வந்துகொண்டிருந்தார்கள். அந்த வருடம் அமெரிக்கத் தூதரகத்திலிருந்துகூட ஒருவர் வந்திருந்தார்.

பெரிய கதவு சாத்தப்பட்டது.

"வெளியே நிற்பது யார்?"

அவள் தன் பெயரைச் சொன்னாள். இரண்டாம் தடவையும் சொன்னாள்.

"வெளியே நிற்பது யார்?"

தோட்டக்காரன் மேலே குழாயைப் பிடித்துக்கொண்டு தயாராக இருந்தான். மழைச்சட்டை போட்ட சுண்ணாம்புச் சிலை கயிற்றுக்கு அப்பால் சிரித்துக்கொண்டு நின்றது. பேர்பெச்சுவா கையை உயர்த்தினாள். உள்ளங்கை கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றது. உள்ளே நாற்காலிகள் அசையும் சத்தம் கேட்டது. வெட்கப்படுவதற்காக எல்லோரும் நன்றாக நிமிர்ந்து உட்காருகிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது.

அவள் கையை இறக்கி மேலங்கிப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

"மூன்றாம் தடவை..." என்று கதவிடுக்கால் ஃப்ராவ் ஃபொன் டிரோஸ்ட் கிசுகிசுத்தார். "மூன்றாம் தடவை கேட்கிறீர்கள்... மழை... அம்மா, மழை!"

தோட்டக்காரன் அதைத் தனக்கான கட்டளை என்று நினைத்துக் குழாயைத் திறந்துவிட்டான். பேர்பெச்சுவா அதற்குள் படியிறங்கத் தொடங்கியிருந்தாள். தண்ணீர் வெறும் படிகளில் விழுந்தது.

ஜேசுரட்ணமும் லவினியாவும் கயிற்றுக்கு அப்பால் நின்றார்கள்.

"என்னப்பா, முடிஞ்சுதோ?" என்றான் ஜேசுரட்ணம். "சத்தம் ஒண்டும் கேக்கேல்லை."

"நான் ஒண்டும் சொல்லேல்லை. வாங்கோ, பஸ் வரப்போகுது."

"உவையள் கதவைத் திறக்க மாட்டினமே?"

"நான் ஏசி முடிச்சாத்தானே திறக்கலாம்."

ஜேசுரட்ணம் அரண்மனையைத் திரும்பிப் பார்த்தான். கதவு சாத்தியபடியே இருந்தது. உள்ளே பிரபுக்களும் சீமாட்டிகளும் தூதரகத்து ஆளும் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கடிந்துரை கிடைக்காமல் எட்டாம் அங்கத்துக்குப் போக அவர்களுக்கு விதி இல்லை. லவினியா நடுவில் புகுந்து இருவருடைய கைகளையும் பிடித்துக்கொண்டாள். மூவரும் மரங்களுக்கு நடுவே சரிவில் இறங்கிப் போனார்கள்.

பாதை திரும்பும் இடத்தில், பின்னாலிருந்து கிராஃபின் குரல் இன்னொரு தடவை வந்தது. நான்காம் தடவை கேட்பதற்குச் சடங்கில் இடமே இல்லை. குரலில் பழைய நிதானமும் இல்லை. கதவுக்கு மிகப் பக்கத்தில், மரத்தில் காதை வைத்துக்கொண்டு கேட்பதுபோல இருந்தது. அவருக்கு அது உண்மையாகவே தெரிய வேண்டியிருந்தது.

"வெளியே நிற்பது யார்?"